கார்பன் பந்தில் எதற்கு இரண்டு நீளம்? (பன்னிரண்டாம் வகுப்புச் சந்தேகம்)

#1 ஜெராக்ஸ்கடை

வணக்கம். நான் படித்தது பி.காம். தப்பாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. நேற்று கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வேதியியல் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, "இதில் எது பொய்னு சொல்லுப்பா" என்றாள்.

ஃபுல்லரீன் பாடம், அதாவது கார்பன் அணுக்கள் மட்டும் கூடிக் கூண்டாக அமைந்த மூலக்கூறு. 60 அணு உள்ளது சி60. ஒரே பத்தியில் இரண்டு செய்தி. சி60 பந்தில் எல்லா கார்பனும் எஸ்பி2 இனக்கலப்பு (மூன்று பக்கத்து அணுக்களோடு பிணைவது), மிஞ்சிய பை எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுக்கப் பரவியிருக்கின்றன, ஆகவே அரோமேட்டிக் (பென்சீன் மாதிரி, பரவிய எலக்ட்ரான்களால் நிலைத்து நிற்கும் வகை). அடுத்த வரியில் ஒற்றைப் பிணைப்பு 1.44 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), இரட்டைப் பிணைப்பு 1.38 ஆங்ஸ்ட்ராம். அவள் கேட்பது இதுதான்: எலக்ட்ரான் பரவிவிட்டால் ஒற்றை, இரட்டை என்ற பேதமே இருக்காது, பென்சீனில் ஆறு பிணைப்பும் ஒரே நீளம் என்றுதானே படித்தோம்? பிறகு இதில் மட்டும் எப்படி இரண்டு நீளம்?

பள்ளியில் கேட்டாளாம். "ரெண்டு மார்க் கேள்வி, இருக்கிறதை அப்படியே எழுது" என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டாள். இந்தப் பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம் என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? 13 இருந்தால் ஆகாதா?

#2 மூன்றாம்பெஞ்ச்

சி60 என்றதும் பாட்டு கேசட் இழை என்று நினைத்து ஓடி வந்தேன். எங்கள் காலத்தில் பக்கத்துக்கு 30 நிமிஷம்.

#3 வடகரைக்காரன்

கார்பன்-14 மாதிரி இதுவும் கதிர்வீச்சு விடுகிற ஐசோடோப்பா?

#4 கரித்துகள்

#3: இல்லை. கார்பன்-14இல் உள்ள 14 ஓர் அணுவின் நிறை எண். சி60இல் உள்ள 60, ஒரு மூலக்கூறில் எத்தனை அணு என்ற கணக்கு. எல்லாம் சாதாரணக் கார்பன்தான்.

#1: சார், உங்கள் பெண் கேட்டது சரியான கேள்வி. புத்தகத்தில் இரண்டுமே பொய் இல்லை. ஆனால் "ஆகவே அரோமேட்டிக்" என்று ஒரே மூச்சில் முடித்த இடத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள்.

கருப்பும் வெள்ளையுமான பழைய கால்பந்து ஒன்றை எடுங்கள். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் ஆடினார்களே, அந்த மாதிரி. தோலின் நிறத்தை விட்டுவிட்டுத் தையலை மட்டும் பாருங்கள். மூன்று தையல் கூடுகிற புள்ளி ஒவ்வொன்றும் ஒரு கார்பன். அப்படி 60 புள்ளி. தையல் ஒவ்வொன்றும் ஒரு பிணைப்பு. அது 90.

இந்த 90 தையலும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளை அறுகோணமும் வெள்ளை அறுகோணமும் சேரும் தையல் 30. கருப்பு ஐங்கோணமும் வெள்ளையும் சேரும் தையல் 60. எந்தப் புள்ளியில் விரலை வைத்தாலும் அங்கே வெள்ளை-வெள்ளைத் தையல் ஒன்று, கருப்பு-வெள்ளைத் தையல் இரண்டு.

கார்பனுக்கு நாலு கை. மூன்று பக்கத்து அணுக்களுக்கு மூன்று கை போனால் ஒன்று மிச்சம். அதைக் கொண்டு பக்கத்து அணு ஒன்றோடு இரட்டைப் பிணைப்பு போட வேண்டும். யாரோடு? ஐங்கோணத்தின் ஓரத்தில் இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்த வளையம் இன்னும் இறுக்கப்படும். அதனால் மிச்சக் கை வெள்ளை-வெள்ளைத் தையல் பக்கம் போகிறது. ஒவ்வொரு அணுவுக்கும் அப்படி ஒரு தையல்தான் உண்டு என்பதால் யாரும் விடுபடவில்லை, யாருக்கும் இரண்டு கிடைக்கவில்லை. 60 அணு, 30 ஜோடி, கணக்கு தீர்ந்தது. சின்ன நீளம் அந்த 30க்கு, பெரிய நீளம் மற்ற 60க்கு.

#5 சந்தேகச்சாமி

அப்படியானால் பரவல் எங்கே போனது? ஒற்றை இரட்டை என்று கோடு போட்டு எழுதுவதே நம் வசதிக்குத்தானே? உடனிசைவு அமைப்புகளின், அதாவது கோடு போட்டு வரையக்கூடிய எல்லாப் படங்களின், சராசரிதான் உண்மையான மூலக்கூறு என்று பதினொன்றாம் வகுப்பிலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

#6 கரித்துகள்

சராசரிதான். ஆனால் எல்லோருக்கும் சம பங்கு உள்ள சராசரியா என்று பார்க்க வேண்டும்.

அப்படி ஒற்றை, இரட்டை என்று கோடு போட்டு வரையும் படத்துக்குக் கெகுலே அமைப்பு என்று பெயர். பென்சீனில் அது இரண்டு. இரண்டுக்கும் ஒரே தகுதி. பாதிக்குப் பாதி கலந்தால் எல்லாப் பிணைப்பும் சமமாகிவிடும். சி60க்கு 12,500 அமைப்பு வரையலாம். இந்தப் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பத்தில் பலர் "அப்படியானால் இது பென்சீனுக்கும் தாத்தா" என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் 12,500 பேரும் ஒரே பங்குதாரர் இல்லை. ஐங்கோணத்துக்குள் ஒரு இரட்டைப் பிணைப்புகூட இல்லாத அமைப்பு அதில் ஒன்றே ஒன்றுதான். சபையில் அந்த ஒருவர் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. மற்றவர்களும் பேசுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் நீளங்கள் சுத்தமான இரட்டைக்கும் சுத்தமான ஒற்றைக்கும் நடுவில் நிற்கின்றன. எத்திலீனில் இரட்டைப் பிணைப்பு 1.34, ஈத்தேனில் ஒற்றை 1.54. பந்தில் 1.40 பக்கம் ஒன்று, 1.45 பக்கம் ஒன்று. அளக்கும் முறையைப் பொறுத்து இரண்டாவது தசமம் கொஞ்சம் ஆடும். புத்தக எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வினையிலும் இது தெரியும். பென்சீன் தன் வளையத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்துப் பதிலீட்டு வினைக்குப் போகும். சி60இடம் விட்டுக்கொடுக்க ஹைட்ரஜனே கிடையாது. அது இரட்டைப் பிணைப்பு உள்ள ஆல்கீன் மாதிரி சேர்க்கை வினைக்குத் தயாராக நிற்கும். வருகிறவர்களும் அந்த 30 இடங்களில் வந்துதான் ஒட்டுகிறார்கள்.

#7 பந்துபொறுக்கி

#4ஐப் படித்துவிட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்த பஞ்சர் பந்தை எடுத்து உட்கார்ந்தேன். கையால் தைத்தது. மெழுகு நூலை பிளேடால் நறுக்கி ஒரு ஐங்கோணத்தைச் சுற்றிலும் பிரித்தேன். பிளாடரை உருவி எடுத்ததும் பந்து பழைய துணிப்பை மாதிரி தொங்கியது. எண்ணினால் கணக்கு அப்படியே வருகிறது. எந்த ஐங்கோணமும் இன்னொரு ஐங்கோணத்தைத் தொடவில்லை. முப்பது வருஷம் உதைத்தவனுக்கு இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

ஒரு சந்தேகம். தோல் துண்டு ஒவ்வொன்றும் தட்டையாக இருக்கிறது. காற்று அடித்தால்தான் உருண்டை. கார்பன் பந்துக்கு யார் காற்று அடித்தார்கள்?

#8 கணக்குப்புலி

யாரும் அடிக்கவில்லை, அண்ணே. வளைவு துண்டில் இல்லை, மூலையில் இருக்கிறது. 13 ஐங்கோணம் ஏன் ஆகாது என்று தங்கச்சி கேட்டதற்கும் இதே மூலையில்தான் பதில்.

ஒழுங்கான அறுகோணத்தின் ஒரு மூலை 120 டிகிரி. மூன்று அறுகோணம் ஒரு புள்ளியில் கூடினால் 360. முழு வட்டம், எனவே தட்டைத் தரை. கிராஃபைட் தாள் அதுதான். ஐங்கோணத்தின் மூலை 108. ஒரு ஐங்கோணமும் இரண்டு அறுகோணமும் கூடினால் 348. வட்டம் நிறைய 12 டிகிரி குறைகிறது. அந்த இடைவெளியை இழுத்து ஒட்டினால் புள்ளி மேலே எழும்பும்.

எந்த மூடிய உருவமாக இருந்தாலும், பந்து மாதிரி இருந்தால், எல்லா மூலைகளிலும் குறைகிற கோணத்தைக் கூட்டினால் 720 டிகிரி வரும். கணித மேதை டெகார்ட் சொன்னது. கனசதுரத்தில் பாருங்கள்: மூலைக்கு மூன்று செங்கோணம், 90 குறைகிறது, 8 மூலை, 720. நம் பந்தில் 60 மூலை, மூலைக்கு 12, அதுவும் 720. ஒரு ஐங்கோணம் ஐந்து மூலையிலும் சேர்த்துக் கொண்டுவருவது 60 டிகிரி. 720ஐ 60ஆல் வகுத்தால் 12. அறுகோணம் எதையும் கொண்டுவராது, அதனால் அது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் (ஒன்று மட்டும் கூடாது, அது வேறு கதை). ஐங்கோணம் 12க்கு ஒன்று குறைந்தால் மூடாது. 13ஆவதை நுழைத்தால் ஈடுகட்ட எங்கோ ஓர் எழுகோணம் வைத்தாக வேண்டும்.

நம்பாதவர்கள் ஆய்லர் கணக்கில் போடுங்கள் (முனை − விளிம்பு + முகம் = 2). 60 முனை, 90 விளிம்பு, 32 முகம். 60 − 90 + 32 = 2. சரியா?

ஒரு கொசுறு. சி60இன் நிறையும் 720தான். 60 அணு, அணுவுக்கு 12. கோணத்துக்கும் நிறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா தற்செயல். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல்.

#9 ஜெராக்ஸ்கடை

#8ஐ அவளிடம் படித்துக் காட்டினேன். கோணமானியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடையில் சார்ட் அட்டைக்குப் பஞ்சமில்லை. அறுகோணம் மட்டும் வெட்டி ஒட்டிப் பார்த்தாள், தரையில் பாய் மாதிரி பரவிக்கொண்டே போகிறது.

#10 நெடுநேரவாசகன்

சார், உங்கள் வீட்டில் நடந்ததுதான் 1985 செப்டம்பரில் ஹூஸ்டனில் ரிச்சர்ட் ஸ்மாலி வீட்டிலும் நடந்தது.

ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலியிடம் ஒரு கருவி இருந்தது. லேசரால் கிராஃபைட்டை ஆவியாக்கி, ஹீலியம் வீச்சில் குளிரவைத்து, உருவாகும் அணுக்கூட்டங்களை நிறைமானியில் எடை பார்க்கலாம். இங்கிலாந்தின் சஸெக்ஸிலிருந்து ஹாரி குரோட்டோ வந்திருந்தார். அவருக்குப் பந்தும் வேண்டாம், நானோவும் வேண்டாம். சிவப்பு ராட்சத விண்மீன்களைச் சுற்றி நீளநீளமான கார்பன் சங்கிலிகள் எப்படி உண்டாகின்றன என்று பார்க்கத்தான் வந்தார். நிறைமானியில் 720இல் ஒரு கோடு மட்டும் தென்னை மரம் மாதிரி நின்றது, பக்கத்தில் 840இல், அதாவது சி70இல், ஒரு சின்னது. நிலைமையை மாற்றி மாற்றி ஓட்டினால் 720 இன்னும் உயர்ந்தது.

60 அணு மட்டும் ஏன் இப்படித் தனியாக நிற்க வேண்டும்? அறுகோணத் தாளாக இருந்தால் ஓரத்து அணுக்களுக்குக் கை மிஞ்சும், வேறு எதையாவது பிடிக்கத் துடிக்கும். ஓரமே இல்லாத உருவமாக இருந்தால்தான் இந்த அமைதி வரும். ஸ்மாலி ராத்திரி கணினியில் உருவாக்கிப் பார்த்துத் தோற்று, கடைசியில் காகிதமும் கத்தரியும் எடுத்தார். வெறும் அறுகோணம் மூடவில்லை. ஐங்கோணம் சேர்த்ததும் கிண்ணமாகக் குழிந்து பந்தாக முடிந்தது. மறுநாள் கணிதத் துறைக்குப் போன் போட்டு 60 முனை உள்ள இந்த உருவத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டபோது, அது கால்பந்து என்று பதில் வந்தது.

கட்டுரை அந்த நவம்பரிலேயே நேச்சரில் வந்தது. குரோட்டோ, ஸ்மாலி, ராபர்ட் கர்ல் மூவருக்கும் 1996இல் வேதியியல் நோபல். ராவும் பகலும் கருவியை ஓட்டிய ஆராய்ச்சி மாணவர்கள் ஜேம்ஸ் ஹீத், ஷான் ஓ'பிரையன் பெயர்கள் பரிசில் இல்லை. மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதி. எனக்கு அது இன்னமும் உறுத்தும்.

ஃபுல்லரீன் என்ற பெயர் வந்தது கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரால். மான்ட்ரியலில் 1967 கண்காட்சிக்கு அவர் கட்டிய குவிமாடம் குரோட்டோவின் நினைவில் இருந்தது.

#11 சந்தேகச்சாமி

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 720 என்று ஒரு கோடு, ஒரு காகிதப் பந்து. இதை வைத்து அமைப்பு இதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? 60 கார்பன் வேறு எப்படியும் சேர்ந்திருக்கலாமே?

#12 நெடுநேரவாசகன்

அன்றைக்கும் பலர் இதைத்தான் கேட்டார்கள். ஐந்து வருஷம் அடிதடி. கையில் பொருளே இல்லை, கருவிக்குள் கண நேரம் பறக்கும் சில மூலக்கூறுகள் மட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கூத்து உண்டு. ஜப்பானில் எய்ஜி ஒஸாவா 1970லேயே இந்தப் பந்து மூலக்கூறு இருக்கலாம் என்று எழுதிவிட்டார். ஜப்பானிய மொழியில் எழுதியதால் மேற்கே யார் கண்ணிலும் படவில்லை.

#13 கரித்துகள்

சாமி கேட்டதற்குப் பதில் மூன்று கட்டமாக வந்தது.

1990இல் ஹைடல்பர்க்கில் கிரேச்மரும் அரிசோனாவில் ஹஃப்மனும் அவர்கள் மாணவர்களும் ஹீலியத்தில் கிராஃபைட் கம்பிகளை மின்சாரத்தால் ஆவியாக்கி, விழுந்த கரியை பென்சீனில் கரைத்துப் பிரித்தார்கள். கிராம் கணக்கில் பொருள் கைக்கு வந்தது. 60 அணு உள்ள மூலக்கூறு 174 விதமாக அதிரலாம். ஆனால் உருவம் கால்பந்து அளவுக்குச் சமச்சீராக இருந்தால் அகச்சிவப்பில் நாலே நாலு கோடுதான் தெரிய வேண்டும். நாலு தெரிந்தது.

அடுத்து சஸெக்ஸில் கார்பன்-13 காந்த ஒத்ததிர்வு, அதாவது காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையைப் பார்ப்பது. எல்லா அணுவும் ஒரே சூழலில் இருந்தால் ஒரே ஒரு கோடு வரவேண்டும். கணக்குப்புலி சொன்னபடி எல்லா மூலையும் அதே 12 டிகிரியைச் சுமக்கின்றன. வந்தது ஒரே கோடு, 143 பக்கம். அதோடு விடவில்லை, சி70ஐயும் வைத்துப் பார்த்தார்கள். அது இடுப்பில் 10 அணு கூடச் செருகிய பந்து, ரக்பி பந்து மாதிரி. அணுக்கள் ஐந்து வகையாகப் பிரியும் என்று கணக்கு. ஐந்து கோடு வந்தது. எனக்கு ஒரு கோட்டைவிட இந்த ஐந்து கோடுதான் பெரிய சாட்சி.

மூன்றாவது படிகம். இதில் ஒரு சிக்கல். படிகத்தில் பந்துகள் ஒழுங்காக அடுக்கியிருந்தாலும் அறை வெப்பத்தில் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுகிறது. எக்ஸ் கதிரில் பார்த்தால் மங்கலான உருண்டைதான், அணு தெரியாது. 1991இல் பெர்க்லியில் ஆஸ்மியம் டெட்ராக்ஸைடை ஒரு பக்கம் ஒட்டவிட்டார்கள். பந்துக்கு ஒரு கைப்பிடி வைத்த மாதிரி. சுற்றுவது நின்றது, 60 அணுவும் இருக்கும் இடம் தெரிந்தது. அந்த ஆஸ்மியமும் போய் ஒட்டிய இடம் வெள்ளை-வெள்ளைத் தையல்தான்.

சாமி கேட்ட "வேறு எப்படியும்" என்பதற்கும் எண் உண்டு. ஐங்கோணமும் அறுகோணமும் மட்டும் வைத்து 60 அணுவில் 1,812 விதமான கூண்டு கட்டலாம். எந்த ஐங்கோணமும் இன்னொன்றைத் தொடாமல் கட்டுவது அதில் ஒரே ஒன்று. பந்துபொறுக்கி பிளேடோடு உட்கார்ந்து கண்டுபிடித்தாரே, அதுதான். அடுத்து அப்படி அமைவது சி70. நடுவில் 62, 64, 66, 68 எதற்கும் வாய்ப்பில்லை. நிறைமானியில் ஏன் அந்த இரண்டு மட்டும் தலைதூக்கின என்று இப்போது புரிகிறதா?

#14 வடகரைக்காரன்

இதை ஆலிவ் எண்ணெயில் கலந்து விற்கிறார்கள், ஆயுசு கூடுமாம். எங்கள் மாமா ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார். கத்தரிப்பூ நிறம். குடிக்கலாமா?

#15 கரித்துகள்

வேண்டாம். 2012இல் சில எலிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து கிளம்பிய புரளி இது. பின்னால் வேறு குழு சுண்டெலிகளில் செய்து பார்த்தபோது ஆயுசு கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் நச்சாக மாறுவதையும் பார்த்தார்கள்.

நிறம் மட்டும் உண்மை. கரியிலிருந்து பிரித்த கருப்புப் பொடியை டொலுவீனில் போட்டால் அந்தக் கத்தரிப்பூ நிறம் இறங்கும். முதல் தடவை பிரிக்கும் குழாயில் அது தனி வளையமாக இறங்கி வந்ததை இரவு ஒன்பது மணிக்கு நின்று பார்த்தேன். பின்னாலேயே செம்பழுப்பாக சி70. ஒரு மில்லிலிட்டரில் மூன்று மில்லிகிராம்கூடக் கரைந்திருக்காது, ஆனால் குடுவை நிறைய நிறம்.

#16 மட்டுறுத்துநர்

மருத்துவ ஆலோசனைக்கு வேறு பகுதி இருக்கிறது. இங்கே பந்து மட்டும்.

#17 ஈப்போ_வேலு

பந்து என்றதால் வருகிறேன். மலேசியாவில் எங்கள் ஊரில் செபாக் தக்ரா (வலைக்கு மேலே பந்தைக் காலால் உதைக்கும் ஆட்டம்) ஆடுவோம். பழைய பந்து பிரம்பில் பின்னியது. நெட்டில் விளையாட்டு விதியைப் பார்த்தால் 12 துளை, 20 குறுக்குச் சந்தி என்று இருக்கிறது. வீட்டில் இருப்பதை எடுத்து எண்ணினேன். துளை எல்லாமே ஐங்கோணம்தான் லா!

#18 கணக்குப்புலி

அருமை வேலு அண்ணே. 12 துளைதான் 12 ஐங்கோணம், 20 சந்தி 20 அறுகோணம் இருக்கும் இடம். பிரம்பு பின்னியவர் டெகார்ட்டைக் கேட்டுவிட்டா பின்னினார்? மூட வேண்டுமென்றால் 12தான்.

#19 சந்தேகச்சாமி

சரி, அமைப்பை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. அரோமேட்டிக்கா, இல்லையா? பரீட்சையில் என்ன எழுதுவது?

#20 கரித்துகள்

பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதட்டும். மார்க் முக்கியம்.

நேரான பதில் வேண்டுமென்றால், பந்துக்குள்ளே ஓர் ஒற்றனை அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். பந்தின் குறுக்களவு, எதிரெதிர் அணு மையங்களுக்கு நடுவே, 7.1 ஆங்ஸ்ட்ராம். உள்ளே ஓர் அணு உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆயிரக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்தால், ஆயிரத்தில் ஒரு பந்து அளவுக்கு ஹீலியம்-3 உள்ளே போய்விடும். ஹீலியம் யாரோடும் சேராது, பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் சுற்றிலும் எலக்ட்ரான் ஓட்டம் இருந்தால் காந்த ஒத்ததிர்வில் அதன் கோடு இடம் மாறும். அரோமேட்டிக் ஓட்டம் பலமாக இருந்தால் மைனஸ் பக்கம் நிறையத் தள்ளும்.

சி60க்குள் இருந்த ஹீலியம் காட்டியது மைனஸ் 6. சி70க்குள் மைனஸ் 29. இடுப்பில் 10 அணு கூடியதற்கே அத்தனை வித்தியாசம். சி60இல் அறுகோணங்களில் ஒரு திசையில் ஓடுவதை ஐங்கோணங்களில் எதிர்த்திசையில் ஓடுவது ஏறக்குறைய அடித்துவிடுகிறது. இப்போது அதே சி60க்கு ஆறு எலக்ட்ரான் கூடக் கொடுத்தார்கள். அது எலக்ட்ரானுக்கு ஆலாய்ப் பறக்கிற மூலக்கூறு, ஆறு வரை சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ஹீலியம் மைனஸ் 49க்குப் போய்விட்டது.

ஆக, எலக்ட்ரான் பரவியிருக்கிறது, உண்மை. பென்சீன் அளவுக்கு அரோமேட்டிக்கா என்றால், இல்லை. "ஆகவே" என்ற வார்த்தையைத்தான் உங்கள் பெண் சரியாகப் பிடித்தாள்.

#21 நெடுநேரவாசகன்

குரோட்டோ விண்மீனைத் தேடி வந்தார் என்றேனே, அதன் மிச்சக் கதை. 2010இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி டிசி 1 என்ற கோள்வடிவ நெபுலாவில் சி60, சி70 இரண்டின் அகச்சிவப்புக் கோடுகளையும் பிடித்தது. கிரேச்மர் பார்த்த அதே நாலு கோடு. குரோட்டோ அப்போது உயிரோடு இருந்தார். 2016இல்தான் காலமானார்.

#22 ஜெராக்ஸ்கடை

எல்லோருக்கும் நன்றி. அட்டைப் பந்து நேற்று ராத்திரி முடிந்தது. கருப்பு சார்ட்டில் 12, மஞ்சளில் 20. வெள்ளை அட்டை தீர்ந்துவிட்டது, கடைக்காரன் வீட்டிலேயே! அறுகோணமும் அறுகோணமும் சேரும் 30 இடத்தில் மட்டும் சிவப்பு ஸ்கெட்சில் இரட்டைக் கோடு போட்டிருக்கிறாள். எந்தக் கருப்பைச் சுற்றியும் சிவப்பு இல்லை.

கடைசிக் கருப்புத் துண்டை ஒட்டத்தான் கஷ்டமாகிவிட்டது. உள்ளே விரல் விட்டு அழுத்த வழியில்லை. பசை காய்கிற வரைக்கும் உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அதை மூடுவதற்கு முன்னால் அடுக்களைக்குப் போய் ஒரு கொண்டைக்கடலை எடுத்து வந்து உள்ளே போட்டாள். ஹீலியமாம். இப்போது கடை மேஜையில் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் ஆட்டிப் பார்க்கிறார்கள்.

#23 மூன்றாம்பெஞ்ச்

600 டிகிரி சூடாக்காமலே உள்ளே போட்டதற்குத் தனி நோபல் கொடுக்கலாம்.